கறுப்புப் பாவாடைக்காரி காணாமல் போனாள்

“…மத்ததெல்லாம் பொறவு பேசிக்கலாம். அந்தக் கறுப்புப் பாவாடைப் பொண்ணு எங்க போச்சு? அதை மொதல்ல சொல்லுங்க.”

இப்படிக் கேட்டவர் போலீஸ்காரர் இல்லை. காணாமல் போனதும் உயிருள்ள பெண் இல்லை. கேட்டவர் படக் கம்பெனியின் ரெப். படப்பெட்டி போகிற ஊருக்கெல்லாம் போய், டிக்கெட் சரிபார்த்து, பெட்டியைத் திரும்பப் பத்திரமாகக் கொண்டுபோய்ச் சேர்க்கிற ஆள். காணாமல் போனவள், வெளிநாட்டிலிருந்து வந்த ஒரு பொம்மைப் படத்தில் வரைந்து வைத்த பெண். திருப்பூரில் நான் மேனேஜராக இருந்த கொட்டகையில்தான் காணாமல் போனாள்.

தியேட்டர் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற கண்ணுகளா, உங்களுக்குப் பெட்டியும் கிடையாது, ரீலும் கிடையாது. படம் கம்பி வழியாக வருகிறது, காற்று வழியாக வருகிறது என்கிறீர்கள். அதனால் மெஷினைப் பற்றி உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. சந்தேகத்தைப் பற்றிச் சொல்லத்தான் இருக்கிறது. எந்த மெஷின் மாறினாலும் அது மட்டும் தவறாமல் வேலைக்கு வந்துவிடுகிறது, லீவே போடுவதில்லை.

அறுபதுகளில் நடந்தது. அந்தப் படத்தின் கதையைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் மற்றது புரியும். அந்த நாட்டில் மேடையில் பாட்டும் பேச்சும் இல்லாமல் வெறும் ஆட்டத்திலேயே சொல்லுகிற பழைய கதை ஒன்று. பாலே என்பார்கள். அதை வரைந்து வண்ணப் படமாக எடுத்திருந்தார்கள். ஏரிக்கரையில் ஒரு பெண். வெள்ளைப் பாவாடை. ஒரு மந்திரவாதி அவளைப் பகலில் நாரையாக மாற்றி வைத்திருக்கிறான். இளவரசன் ஒருவன் அவளைக் கண்டு, “அரண்மனை விருந்தில் எல்லோர் முன்னாலும் உன்னைத்தான் கட்டுவேன் என்று சத்தியம் செய்கிறேன்” என்கிறான். அந்தச் சத்தியம் நடந்தால் அவள் பழையபடி பெண்ணாகிவிடுவாள். மந்திரவாதி என்ன செய்கிறான், அவளுடைய நிழலைத் தரையிலிருந்து தோல் உரிக்கிற மாதிரி உரித்தெடுத்து, அதற்குக் கறுப்புப் பாவாடை கட்டி, விருந்துக்கு அனுப்புகிறான். அதே முகம், அதே நடை. இளவரசன் ஏமாந்து, அந்த நிழல்காரியோடு ஆடி, அவளுக்கே கையை உயர்த்திச் சத்தியம் செய்துவிடுகிறான். ஏரிக்கரையில் நிஜமானவள் அழுகிறாள். பிறகு அவன் ஓடிவந்து, பட்டபாடு எல்லாம் பட்டு அவளை மீட்கிறான்.

இதில் ஏமாறுகிற இடம் முழுக்க ஒரே ஒரு ஆட்டம். ஒரு வார்த்தை பேச்சு கிடையாது. நிழல்காரி வருவது, சிரிப்பது, சத்தியம் வாங்குவது எல்லாம் அந்த ஆட்டத்துக்குள்தான். அவள் ஆடும்போது எல்லோருக்கும் தரையில் நிழல் விழும், அவளுக்கு மட்டும் விழாது. இளவரசன் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதால் தரையைப் பார்க்க மாட்டான். அந்த ஆட்டத்துக்கு அப்புறம் அவள் படத்தில் எங்கேயும் வருவதில்லை.

இப்போது எங்கள் ஊர் வழக்கத்துக்கு வருகிறேன். மேட்னி பார்க்க வருகிற சனத்தில் பாதிக்கு மேல் பனியன் கம்பெனிக்காரர்கள். சாயங்கால ஷிப்டுக்குச் சங்கு ஊதும் முன்னால் படம் முடிந்தாக வேண்டும். முடியாவிட்டால் கடைசிக் கட்டத்தில் கூட்டம் எழுந்து ஓடும். மறுநாள் வராது. அதனால் நீளமான படம் வந்தால் ஆபரேட்டர் ஒரு துண்டை எடுத்துவிடுவார். தமிழ்ப் படத்தில் பாட்டில் கை வைத்தால் பெஞ்சு உடையும். வெளிநாட்டுப் படத்தில் ஆட்டம் பாட்டத்தை எடுத்தால் கேட்க நாதியில்லை. எடுத்ததைச் சுருட்டித் தகரடப்பாவில் வைத்து, பெட்டி போகும்போது மறுபடி ஒட்டி அனுப்புவோம். ரெப்புகளுக்கும் தெரியும். கண்டும் காணாத மாதிரி இருப்பார்கள்.

எங்கள் ஆபரேட்டர் ரங்கசாமி. கை சுத்தம், பேச்சு குறைவு. முதல் காட்சிக்கு முன்னால் முதலாளி குடும்பத்துக்குப் படத்தை முழுசாகப் போட்டுக் காட்டுவது வழக்கம். அது முடிந்ததும் முதலாளி எழுந்து, “ரங்கசாமி, அந்த நீளமான ஆட்டத்தை எடுத்துருப்பா. பேச்சே இல்லையே, அதுல என்ன கதை இருக்கப்போகுது?” என்றார். பேச்சில்தான் கதை இருக்கும் என்று பழகிப்போன சனம் நாங்கள். ஆட்டத்திலேயே கதை சொல்லுகிற படத்தில் ஆட்டத்தை எடுத்தோம்.

விளைவு என்ன தெரியுமா? இளவரசன் வாக்குக் கொடுத்துவிட்டு அரண்மனைக்குள் போகிறான். அடுத்த நொடி ஏரிக்கரையில் அந்தப் பெண் அழுகிறாள். ஏன் அழுகிறாள்? யாருக்கும் தெரியாது. ஆகவே சனம் தானே முடிவு கட்டிவிட்டது. முதல் நாள் மேட்னி விட்டு வெளியே வந்த தையல்காரப் பெண்கள் வாசலிலேயே பஞ்சாயத்து வைத்தார்கள்.

“அவன் ஊட்டுக்குப் போனதும் மறந்துட்டானுக்கா.”

“மறக்கறதாவது! தெரிஞ்சேதான் உட்டுட்டான். மூஞ்சியப் பாத்தாலே தெரியல? அத்தனை சிரிப்பு சிரிக்கறவன் நல்லவனா இருப்பானா?”

“பின்னே எதுக்குக் கடைசீல ஓடி வர்றான்?”

“அங்க விருந்து முடிஞ்சுபோச்சோ என்னமோ.”

முறுக்கு விற்கிற மாரக்கா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்: “என்ற மருமவன் சீர் பத்தாதுன்னு கோவிச்சுக்கிட்டுப் போயித் திரும்பி வந்த மாதிரியே இருக்குதுங்க.” எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்புத்தான். ஒரு பாவமும் அறியாத இளவரசன் திருப்பூரில் மட்டும் ஏமாற்றுக்காரனாகத் திரிகிறானே என்று யாருக்கும் தோன்றவில்லை.

அந்த ரெப்புக்கு அப்போது தாராபுரத்திலும் ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அதை முடித்துவிட்டுத்தான் எங்களிடம் வந்தார். மெலிந்த ஆள், யார் பேசினாலும் வாயைப் பார்க்காமல் கையைப் பார்ப்பார். கேபினுக்கு வந்தால் ஆபரேட்டர் தோளுக்குப் பின்னாலேயே நிற்பார். வந்த அன்றைக்கு மேட்னியில் உட்கார்ந்து முழுப்படமும் பார்த்துவிட்டு, நேராகக் கேபினுக்கு ஏறி, நான் முதலில் சொன்ன கேள்வியைக் கேட்டார்.

“எடுத்து வெச்சிருக்கோமுங்க. சங்குக்கு முன்னால முடிக்கோணுமில்லீங்களா” என்றேன்.

“எடுக்கறது எல்லாக் கொட்டகையிலயும்தான். எடுத்தது எங்க? காட்டுங்க.”

ரங்கசாமி தகரடப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்றுமில்லை.

ரங்கசாமியுடைய முகம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தார். அலமாரியைப் பார்த்தார். மெஷினுக்குக் கீழே குனிந்து பார்த்தார். “இதுலதானுங்க வெச்சேன், இதுலதானுங்க வெச்சேன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது ரெப், ஆணியில் தொங்கிய ரங்கசாமியின் மஞ்சள் பையை எடுத்து மேஜைமேல் கொட்டினார். தூக்குச்சட்டி, தோள்துண்டு, கூடவே இரண்டு மூன்று கட்டம் அளவுக்கு நறுக்கின பிலிம் துண்டுகள்.

“இது என்னங்க?”

“அது பழைய படம் அறுந்து போனதுங்க. குப்பைக்குப் போறது. என்ற பாப்பா வெயில்ல புடிச்சுப் பாக்கும்.”

“இன்னிக்குப் பாப்பாவுக்குக் குப்பை. நேத்து யாருக்கு முழுச் சுருள்?”

வண்ணத் துண்டுக்குத் தனி மவுசு இருந்த காலம் அது. இன்னொரு கொட்டகைக்கு, தெருவில் படம் காட்டுகிறவனுக்கு என்று விலை போகும் என்று சொல்லிக்கொள்வார்கள். ரெப் சொன்னதைக் கேளுங்கள்: “நாளைக்கு மேட்னிக்குள்ள துண்டு வரணும். வரலைன்னா ஆபீசுக்கு டிரங்க்கால் போடுவேன். பொறவு இந்த ஜில்லாவுல எந்தக் கொட்டகையும் இவரைக் கேபினுக்குள்ள விடாது.” அவர் மிரட்டலுக்குச் சொல்லவில்லை. படக் கம்பெனிக்காரர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வார்கள். ரங்கசாமிக்கு வேறு தொழில் தெரியாது.

முதலாளியிடம் கேட்கலாம் என்றால் அவர் உடுமலைப்பேட்டைத் தோப்புக்குப் போயிருந்தார். முடிவெடுக்க நான் ஒருவன்தான்.

எனக்கு முன்னால் மேனேஜராக இருந்தவர் ஒரு வார்த்தை சொல்லுவார்: “கொட்டகைல ஏதாச்சும் காணாமப் போனா உடனே கதவைச் சாத்தாதே, உன்ற வாயைச் சாத்து.” அன்றைக்கு அதன் அர்த்தம் புரிந்தது. ஏனென்றால் ஒரு மணி நேரத்துக்குள் கொட்டகை முழுக்கச் சந்தேகம் பரவிவிட்டது. டிக்கெட் கிழிக்கிறவர் தினமும் கொண்டுபோகிற பை அன்றைக்குப் பெரிதாகத் தெரிந்தது. கூட்டுகிற அம்மா ஏன் சீக்கிரம் போனாள்? சோடாக்காரன் எதற்குக் கேபின் படியில் நின்றான்? மாரக்கா என்னிடம் வந்து, “ஏனுங்க, என்ற கூடையையும் பாத்துருங்க. பொறவு முறுக்குக்கு அடியில சினிமா இருந்துச்சும்பாங்க” என்றாள். எல்லோரும் நேற்றுச் செய்ததையேதான் இன்றைக்கும் செய்தார்கள். பார்க்கிற கண் மாறிவிட்டது. அந்தக் கண்ணை வைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள், கண்ணுகளா. நான் ரங்கசாமியையே ஒரு தடவை அப்படிப் பார்த்தேன். அவரும் என்னை அப்படித்தான் பார்த்தார்.

மறுநாள் மேட்னி, முதலாளியின் பனியன் கம்பெனி ஆட்களின் பிள்ளைகளுக்காக ஒதுக்கியது. கம்பெனியை முதலாளியின் மருமகன் பார்த்துக்கொண்டார். சின்ன முதலாளி என்போம். படம் ஓடுமா ஓடாதா என்று தெரியாததால் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று காலையில் போனேன். அவர் உள்ளே யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். பெட்டி போடுகிற பகுதியில் காத்திருந்தேன். பனியனை மடித்து அடுக்கிக்கொண்டிருந்த பெண்கள் புது அட்டைப்பெட்டிக்கு மாதிரியாக வந்திருந்த லேபிளைக் கையில் வைத்துப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

“இவ நம்ம படத்துல வர்ற பொண்ணு மாதிரியே இருக்கறாளே!”

“படத்துல இருக்கறவ வெள்ளையில்ல கட்டீருந்தா? இவ கறுப்புக் கட்டீருக்கறா.”

“அது துவைச்சது, இது துவைக்காததா இருக்கும்.”

நான் வாங்கிப் பார்த்தேன். கறுப்புப் பாவாடை. ஒரு கை இடுப்பில், ஒரு கை மேலே. காலடியில் நிழல் இல்லை. ஆர்ட்டிஸ்ட் ஒன்று விடாமல் வரைந்திருந்தான். போஸ்டரில் வெள்ளைப் பாவாடைக்காரியும் நாரையும்தான் உண்டு. கறுப்புப் பாவாடைக்காரி போஸ்டரில் கிடையாது. கொட்டகையில் ஓடுகிற படத்திலும் கிடையாது. அவள் இருப்பது காணாமல் போன துண்டில் மட்டும்.

சின்ன முதலாளி வந்தார். லேபிள் என் கையில் இருப்பதைப் பார்த்தார். நான் எதையும் கேட்கவில்லை. “மேட்னி நடக்கறது சந்தேகமுங்க” என்று ஆரம்பித்து, டப்பா காலியானது, ரெப் சொன்னது, ரங்கசாமியின் பையைக் கொட்டியது எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் பக்கத்திலிருந்த தன் மேஜையில் போய் உட்கார்ந்தார். பிறகு, “ஒரு சுருள் பிலிமுக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? நான்தானுங்க எடுத்தாந்தேன். ரங்கசாமி சாப்பிடப் போயிருந்தான். மாமா வேண்டாம்னு ஒதுக்குனதுதானே, ஆர்ட்டிஸ்ட் பாத்து வரைஞ்சுட்டுத் திருப்பிக் குடுக்கலாம்னு இருந்தேன்” என்றார். மேஜை இழுப்பறையிலிருந்து சுருளை எடுத்து என் முன்னால் வைத்தார். “கொண்டு போங்க. அலமாரிக்குப் பின்னால கெடந்துச்சுன்னு சொல்லீருங்க. முடிஞ்சுது.”

இந்த இடத்தில்தான் நீங்கள் நின்று கேட்க வேண்டும். துண்டு கைக்கு வந்துவிட்டது. எடுத்துக்கொண்டு போனால் டிரங்க்கால் இல்லை, மேட்னி ஓடும், முதலாளி வீட்டுப் பெயர் கெடாது, என் வேலையும் பத்திரம். கை சுருள் வரைக்கும் போனதும் நிஜம். ஆனால் யோசித்துப் பாருங்கள். இல்லாத இடத்தில் நேற்றுத் தேடினோம், இன்றைக்கு அங்கேயே கிடைத்தது என்றால் ரெப் என்ன நினைப்பார்? ரங்கசாமி பயந்துபோய்த் திரும்பக் கொண்டுவந்து போட்டுவிட்டான் என்றுதான் நினைப்பார். டிரங்க்கால் போட மாட்டார். போகிற ஊரெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டு போவார். பொருள் திரும்பி வந்துவிட்டால் சந்தேகம் போய்விடும் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது எந்த வழியாக வந்தது என்று தெரிகிற வரைக்கும் சந்தேகம் அந்த ஆளின் கூடவேதான் நடக்கும்.

“நான் கொண்டுபோக மாட்டேனுங்க” என்றேன்.

“என்ன சொல்றீங்க?”

“நான் கொண்டுபோனா அது திருட்டு. நீங்க கொண்டுவந்தா அது இரவல்.”

அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “என்னைத் திருடன்னு சொல்ல வர்றீங்களா?”

“இல்லீங்க. ரங்கசாமியை அப்படிச் சொல்லிட்டிருக்காங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்.”

பெட்டி போடுகிற பெண்கள் காதை எங்கள் பக்கம் திருப்பிவிட்டார்கள். மடிக்கிற கை மட்டும் ஓடியது. நான் லேபிளை அவர் மேஜையில் வைத்தேன். “இந்த லேபிள் நாளைக்கு ஊர் ஊருக்குப் போகுமுங்க. தாராபுரத்துக் கடைக்கும் போகும். ரெப்பும் அந்த ஊருக்கெல்லாம் போறவரு. அன்னிக்கு அவரு கண்டுபுடிக்கறதை விட, இன்னிக்கு நீங்களே சொல்றது நல்லா இருக்குமுங்க. நான் கேபின்ல இருக்கறேன்” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வருகிற வழியெல்லாம் ஒரே யோசனை. அவர் வராவிட்டால்? சுருளை அடுப்பில் போட்டுவிட்டு, “இந்தாளு உளறுறான்” என்று மாமனாரிடம் சொல்லிவிட்டால்? கையில் வந்த பொருளை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ரங்கசாமியிடம் இதைச் சொல்லக்கூட எனக்குத் தைரியம் இல்லை.

மேட்னிக்குப் பிள்ளைகள் வந்து தரையில் நிறைந்துவிட்டார்கள். சிலைடு விளம்பரத்தையெல்லாம் நிறுத்தி, சீக்கிரமே தொடங்க ஏற்பாடு செய்திருந்தேன், துண்டு வந்தால் சங்குக்கு இடம் வேண்டுமே என்று. ரெப் கேபினில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ரங்கசாமி சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று மாரக்கா சொன்னாள்.

இரும்புப் படியில் செருப்புச் சத்தம் கேட்டது. சின்ன முதலாளிதான். கையில் ஒரு பனியன் பெட்டி. அதைத் திறந்து சுருளை எடுத்து ரெப் முன்னால் வைத்தார். மாதிரி லேபிளையும் பக்கத்தில் வைத்தார்.

“நான்தானுங்க எடுத்தது. ரங்கசாமிக்குத் தெரியாது. கேட்டு எடுத்திருக்கோணும், கேக்கல. இந்த லேபிளும் வேண்டாமுன்னு ஆர்ட்டிஸ்டுகிட்டச் சொல்லீட்டேன், கிளி போடச் சொல்லியாச்சு.”

ரெப் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, வழக்கம்போல் கையைத்தான் பார்த்தார். பிறகு சுருளைக் கொஞ்சம் பிரித்து, சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். விரல் நகம் அளவுக்கு அந்தக் கறுப்புப் பாவாடைக்காரி, கட்டத்துக்குக் கட்டம் கை தூக்கி நின்றாள். கடைசி வரைக்கும் ஓட்டிப் பார்த்தார். ஒரு கட்டமும் குறையவில்லை போலிருக்கிறது. சுருட்டி ரங்கசாமி பக்கம் நீட்டினார்.

“ஒட்டிருங்க. நேரமாச்சு.”

ரங்கசாமி எழுந்திருக்கவில்லை. “வேண்டாமுங்க.”

“என்னது?”

“நான் தொட மாட்டேனுங்க. நான் ஒட்டி, நாளைக்கு நீங்க அளந்து, ஒரு கட்டம் கொறையுதுன்னா மறுக்கா என்ற பையைத்தான் கொட்டுவீங்க. உங்களுக்கும் ஒட்டத் தெரியும். நீங்களே ஒட்டிக்குங்க. நான் மெஷினை மட்டும் ஓட்டறேன்.”

அத்தனை நாளில் அவர் ஒரு மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. கீழே பிள்ளைகள் கைதட்டி விசிலடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். சின்ன முதலாளி என்னைப் பார்த்தார். “அட, ஒட்டப்பா” என்று ஒரு அதட்டுப் போடுங்கள் என்று அர்த்தம். நான் போடவில்லை. மேனேஜர் அதட்டித் தீர்கிற விஷயமில்லை அது. கொட்டியவர்தான் அள்ள வேண்டும்.

ரெப் கையில் சுருளோடு நின்றார். அவருக்கு ஒட்டத் தெரியும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். அவர் அதைச் செய்திருந்தால் மேட்னி ஓடியிருக்கும். ரங்கசாமி மட்டும் அந்த ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பார், அன்றைக்கு மட்டுமில்லை.

ரெப் சுருளை ரங்கசாமியின் மடியில் வைத்தார். மேஜைமேல் நேற்றுக் கொட்டியது கொட்டியபடி கிடந்த தோள்துண்டையும் தூக்குச்சட்டியையும் ஓரமாக நகர்த்தி, ஒட்டுகிற இடத்தைத் துடைத்துவிட்டார். பிறகு சின்ன முதலாளியின் முழங்கையைப் பிடித்தார்.

“வாங்க, நமக்கு இங்க என்ன சோலி? ஆபரேட்டர் வேலையைப் பாக்கட்டும்.”

எங்கள் இரண்டு பேரையும் முன்னால் விட்டு வெளியே வந்தார். கேபின் கதவை வெளியிலிருந்து இழுத்துச் சாத்தினார். கீழே இறங்கி, தரை டிக்கெட்டில் பிள்ளைகளை நகரச் சொல்லி இடம் பிடித்து, கேபினுக்கு முதுகைக் காட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார்.